மலைவீட்டுக் கடிதம்: சுவரில் தொங்கும் கணக்கு



சென்ற இதழில் எழுதிய மிளகுக் கஷாயத்தைச் செய்து பார்த்து, "இருமல் நின்றது, வீட்டில் எல்லோரும் தூங்கினோம்" என்று கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் நன்றி. இந்த முறை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். கணக்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "ஐயோ, கணக்கா!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று இருபத்தைந்து வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நீங்களும் அப்படித்தானே? அந்தப் பழக்கம் இருந்தால் போதும், சர்க்கார் கணக்கையும் படித்து விடலாம். படிக்காமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதை எங்கள் வீட்டிலும், எங்களுக்கு மேல்வீட்டிலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ரூம் வாடகை சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்

2024-ஆம் வருஷம் ஐப்பசியில் என் மூத்த மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு ஏற்காட்டுக்கு அழைத்து வந்தோம். டிசம்பர் நடுவில் தேதி கொடுத்திருந்தார்கள். மலைமேல் இருக்கும் தாய் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருவதென்றால் மனசுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். இங்கேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் என் மகளுக்கு இரத்தம் குறைவு. எட்டரைதான் இருந்தது. "பிரசவத்தில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலும் வரும். கீழே சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கிராம சுகாதார நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி விட்டார். சேலத்துக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வெயில் நாளில் ஒரு மணி நேரம். மூடுபனியிலும் மழையிலும் எவ்வளவு நேரம் என்று அந்தச் சேர்வராயன் சாமிக்குத்தான் தெரியும்.

சரி, சேலத்தில் எந்த ஆஸ்பத்திரி? எங்க வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார். போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் கதவு, பளபளவென்று தரை, ஓரத்தில் மீன் தொட்டி. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்மா, போன மாசம் இங்கே எத்தனை பிரசவம் ஆச்சு? அதிலே எத்தனை ஆபரேஷன்?"

அந்தப் பெண் சிரித்து விட்டாள். "அதெல்லாம் சொல்றதில்லீங்க ஆன்ட்டி. ரூம் வாடகை வேணும்னா சொல்றேன்."

எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "காய்கறிக் கடையிலே கேட்கிற மாதிரி கேட்கிறியே!" என்றார். ஏன் கேட்கக் கூடாது? கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். பெண்ணையும் பேரப்பிள்ளையையும் ஒப்படைக்கிற இடத்தில் ஒரு கேள்வி கேட்டால் தப்பா?

அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நர்ஸம்மாதான். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் வந்த கணக்கை அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். அதையே பிரித்துப் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 36, தனியாரில் 100-க்கு 64. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 21 அல்லது 22தான். இது ரகசியமில்லை. அரசாங்கமே வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிற கணக்கு.

இதைப் படித்து விட்டு ஆபரேஷன் என்றாலே ஏமாற்று என்று நினைத்து விடாதீர்கள். குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சு கீழே இறங்கியிருந்தால், தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஏறினால் ஆபரேஷன்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். 2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடப்பதும், அவசரத்துக்கு ஆபரேஷன் கிடைப்பதும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆகவே "ஆபரேஷன் வேண்டாம்" என்று அடம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. "எதற்காக?" என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

விளக்கேந்திய அம்மையார் போட்ட கணக்கு

நைட்டிங்கேல் அம்மையாரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் விளக்கோடு பார்த்திருப்போம். அவர் கையில் விளக்கு மட்டும் இல்லை, கணக்கு நோட்டும் இருந்தது. 1854-ல் போர்க்களத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், எத்தனை சிப்பாய்கள் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்ற விவரங்களைச் சேகரித்தார். காயத்தில் இறந்தவர்களை விட, அழுக்கிலும் நெரிசலிலும் பரவிய நோயில் இறந்தவர்களே அதிகம் என்று படம் போட்டுக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிகள் தங்கள் கணக்கை ஒரே மாதிரி எழுதி வெளியே காட்ட வேண்டும் என்று அன்றைக்கே சொன்னவர் அவர்.

அதில் ஒரு சிக்கலும் வந்தது. லண்டன் ஆஸ்பத்திரிகளின் சாவுக் கணக்கை அவர் ஒப்பிட்டபோது டாக்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். "எங்களிடம் வருவது கடைசி நேரத்து நோயாளிகள். சின்ன ஆஸ்பத்திரியோடு எப்படி ஒப்பிடலாம்?" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. மாவட்டம் பூராவும் இருந்து சிக்கலான கேஸ்கள் எல்லாம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் வருகின்றன. அங்கே இறப்பும் ஆபரேஷனும் கூடுதலாகத்தான் இருக்கும். அதை வைத்து அந்த இடம் மட்டம் என்று சொன்னால், ஊர் அழுக்குத் துணியெல்லாம் வந்து சேர்கிற சலவைக்காரர் வீட்டைப் பார்த்து "என்ன இவ்வளவு அழுக்கு!" என்று சொல்வது போலாகும்.

அமெரிக்காவில் 2005 முதல் ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் தரக் கணக்கையும் அரசாங்கமே பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறது. இங்கே அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2013 முதல் தேசியத் தர உறுதித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பரிசோதகர்கள் வந்து, நோயாளியின் உரிமை, சிகிச்சை முறை, கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வது என்று எட்டுத் தலைப்பில் மார்க் போடுவார்கள். நூற்றுக்கு 70 வாங்கினால்தான் பாஸ். சான்றிதழ் மூன்று வருஷத்துக்குச் செல்லும். சுத்தத்துக்கு மட்டும் 2015-ல் 'காயகல்ப்' பரிசு வந்தது. பிரசவ அறைக்கென்றே 2017 டிசம்பரில் 'லக்‌ஷ்யா' என்று தனித் திட்டம் வந்தது. பிரசவிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் துணையாக ஒருவர் இருக்கலாம், அவளைத் திட்டவோ அடிக்கவோ கூடாது என்பதெல்லாம் அதில் சேர்த்தி. எந்த ஆஸ்பத்திரி சான்றிதழ் வாங்கியிருக்கிறது என்ற பட்டியல் பொதுவில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலும் மாட்டியிருப்பார்கள்.

நாங்கள் பார்த்த இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒன்று மாட்டியிருந்தது. நல்ல தேக்குச் சட்டம். கிட்டே போய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், தேதி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். "புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கோம்மா, இன்னும் பார்க்க வரலை" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அதுவே எனக்குப் பிடித்தது. பிரசவ வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அந்த மாசத்துப் பிரசவம் இத்தனை, சுகப்பிரசவம் இத்தனை, ஆபரேஷன் இத்தனை என்று முந்தின நாள் வரைக்கும் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. இரத்த வங்கி உண்டா? உண்டு. இராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? இருப்பார். பச்சிளங்குழந்தைப் பிரிவு? மாடியில்.

பழைய தேதிச் சான்றிதழும் புதுத் தேதிப் பலகையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நான் பலகையை நம்பினேன். அங்கேயே முடிவு செய்தோம்.

மழை வந்தது

முடிவு செய்து விட்டு நிம்மதியாக மலையேறினோம். அதுதான் நான் செய்த தப்பு. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. "கடலோரத்துப் புயல் நம்மை என்ன செய்யும்?" என்று நான் காப்பிப் பழத்தை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். புயல் நகராமல் நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச் சரிவில் வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய் விட்டார்கள். எங்கள் மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தி விட்டார்கள். மின்சாரம் இல்லை.

அன்று இராத்திரி பதினோரு மணிக்கு மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, வலிக்குதும்மா."

கீழே நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி. இரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், வெள்ளைப் பலகை எல்லாம் இருக்கிறது. நடுவில் ரோடு இல்லை. சகோதரிகளே, அந்த இராத்திரியை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

நல்ல வேளை, போனில் ஒரு புள்ளி சிக்னல் இருந்தது. நர்ஸம்மா எடுத்தார். "பதறாதீங்கக்கா. கடிகாரத்தைப் பார்த்து வலிக்கும் நேரத்தை எழுதுங்க. சீரா வந்து, நேரம் போகப் போக நெருங்கி நெருங்கி, அழுத்தமா வந்தா அது நிஜ வலி. தண்ணி குடிச்சு, கொஞ்சம் நடந்து, படுத்தா தணிஞ்சா அது பொய் வலி. பனிக்குடம் உடைஞ்சாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தை அசையலேன்னாலோ, தலைவலியோட கண் மங்கலா தெரிஞ்சாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. மேலேயே நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் வந்துடறேன்" என்றார்.

என் கணக்கு நோட்டிலேயே எழுதினேன். பால் கணக்குக்குக் கீழே 11.10, 11.35, 11.50, 12.30 என்று. ஒரு மணிக்கு மேல் வலி தள்ளித் தள்ளி வந்து தானாகத் தணிந்தது. பொய் வலிதான்! மாரியம்மா காப்பாற்றினாள். ரோடு திறந்த அன்றைக்கே மகளைச் சேலத்தில் என் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மார்கழி பிறப்பதற்கு முதல் நாள் சுகப்பிரசவம். பெண் குழந்தை. ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இப்போது அவள் நடை வண்டி தள்ளிக்கொண்டு வீட்டையே இரண்டாக்குகிறாள்.

மலைவாசிச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் தரத்தில் முதல் மார்க், போய்ச் சேர முடிகிறதா என்பதற்குத்தான். தேதிக்கு இரண்டு வாரம் முன்பே இறங்கி விடுங்கள். சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களுக்கு, மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்குவதற்கு அறை வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் எங்கே என்று உங்கள் நர்ஸம்மாவைக் கேளுங்கள்.

மேல்வீட்டு அக்கா சுவர்

அதே இராத்திரி எங்களுக்கு மேல்வீட்டு அக்காவின் சமையலறை மண்சுவர் விழுந்து விட்டது. அக்கா எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவர். புருஷன் இல்லை. அவரைப் போல ஒரு சுத்தக்காரியை நீங்கள் பார்க்க முடியாது. மழை விட்டதும் மண்ணையெல்லாம் அள்ளி, வழியில் கொட்டி மட்டம் செய்து, சாக்குப் படுதா கட்டி, தரையைப் பெருக்கி மெழுகி விட்டார். மூன்றாம் நாள் சேதம் பார்க்க ஆள் வந்தார். "இங்கே எது விழுந்தது?" என்று கேட்டார். காட்ட ஒன்றுமில்லை. வந்தவரும் நல்லவர்தான். கண்ணால் பார்க்காததை அவர் எப்படி எழுதுவார்? வீட்டைப் பெருக்கி வைத்தது குற்றமாகப் போயிற்று.

"ஏந் தங்கச்சி, பேப்பர்லே கோடி கோடியாப் போடறாங்களே, அதிலே நம்ம சுவருக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அக்கா கேட்டார். அன்றைக்குத்தான் இந்தக் கோடிக் கணக்கையும் உட்கார்ந்து படித்தேன்.

இது நம் வீட்டுச் சீட்டு மாதிரிதான். வெள்ளம், புயல் வரும் என்று தெரியுமே? அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 'மாநிலப் பேரிடர் நிவாரண நிதி' என்று வருஷா வருஷம் ஒதுக்கி வைக்கிறார்கள். நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 100 ரூபாயில் 75 மத்திய அரசு, 25 மாநில அரசு. மத்திய அரசின் பங்கு இரண்டு தவணையாக வரும். அது போதாத அளவுக்குப் பெரிய சேதம் என்றால், மத்தியக் குழு வந்து பார்த்து, தேசிய நிதியிலிருந்து கூடுதலாகக் கொடுப்பார்கள்.

ஃபெஞ்சல் சமயத்தில் முதலமைச்சர் உடனடியாக 2,000 கோடி கேட்டுப் பிரதமருக்கு எழுதினார். டிசம்பர் 6-ஆம் தேதி மத்திய அரசு 944 கோடியே 80 லட்சம் விடுவித்தது. பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் அது அந்த வருஷத்து நிவாரண நிதியில் நமக்கு வர வேண்டிய இரண்டு தவணையும் சேர்ந்தது. மாசச் சம்பளத்தைக் கையில் கொடுப்பது வேறு, தீபாவளிக்கு மேல்பணம் கொடுப்பது வேறு இல்லையா? கூடுதல் பணம் 2025 ஏப்ரலில்தான் ஒப்புதல் ஆனது. தமிழ்நாட்டுக்கு 522 கோடியே 34 லட்சம். 2011 ஜனத்தொகைக் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சுமார் 72 ரூபாய் வருகிறது. எல்லோருக்கும் சேதம் இல்லை என்பது சரிதான், ஆனாலும் கோடி என்ற வார்த்தையைக் கேட்டு மலைத்துப் போகாமல் இருக்க இப்படி வகுத்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே சகோதரிகளே, நிவாரணச் செய்தி படிக்கும்போது நாலு வார்த்தைகளைப் பிரித்துப் படியுங்கள். கேட்டது, ஒப்புக்கொண்டது, விடுவித்தது, கைக்கு வந்தது. நாலும் நாலு தொகை. பேப்பரில் முதல் மூன்றும்தான் பெரிதாக வரும். நாலாவதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதற்கும் எழுதி வைத்த பட்டியல் உண்டு. 2022 முதல் 2026 மார்ச் வரைக்கான மத்திய விதிப்படி, மலைப்பகுதியில் வீடு முழுக்கப் போனால் 1,30,000 ரூபாய். சமவெளியில் 1,20,000. கொஞ்சம் சேதமான கட்டட வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. காப்பி, மிளகு போன்ற பல வருஷப் பயிரில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் ஹெக்டேருக்கு 22,500. ஏக்கராகப் பார்த்தால் சுமார் 9,100. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். ஃபெஞ்சலில் தமிழக அரசு அதை 5 லட்சமாகக் கொடுத்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் சேலம் மாவட்டம் அதில் இல்லை. இந்தத் தொகைகள் சில வருஷத்துக்கு ஒரு முறை மாறும். உங்களுக்குத் தேவை வரும்போது அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வர வேண்டியது 4,000. "அவ்வளவுதானா?" என்பீர்கள். பழம் பறிக்கிற கூலியில் அது எத்தனை நாள் என்று அக்காவைக் கேளுங்கள்!

இரண்டு பேருமாக உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். 2005-ல் வந்த சட்டம். பத்து ரூபாய்தான் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் பகுதியில் மழைச் சேத நிவாரணம் பெற்றவர்கள் பட்டியல் வேண்டும்" என்று இரண்டே வரி. இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. நாலு பெயர். அக்கா பெயர் இல்லை.

அக்கா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவால்ல தங்கச்சி. என் பேரு இல்லேன்னு எழுத்துலே தெரிஞ்சுதே" என்றார். அது வரைக்கும் பணம் யாருக்கோ போய் விட்டது என்று ஊரெல்லாம் சந்தேகம். பட்டியல் வந்ததும் அந்தச் சந்தேகம் போயிற்று. நாலு வீடும் உண்மையிலேயே இடிந்த வீடுகள்.

இதற்குள் என் மகள் ஒரு காரியம் செய்தாள். மழையன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு அனுப்ப மூடுபனியைப் போட்டோ எடுத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் அக்கா வீடு, விழுந்த சுவர், மண் குவியல் எல்லாம் தெரிகிறது! போனில் தேதியும் நேரமும் இருக்கிறது. அதைப் பிரிண்ட் போட்டு, பட்டியலையும் இணைத்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதுகிற வரைக்கும் பணம் வரவில்லை. வருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அக்கா அந்த நம்பரைச் சொல்லிக் கேட்கிறார். முன்பெல்லாம் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு ஓரமாக நிற்பார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்.

நாலு கேள்வி

ஆஸ்பத்திரிக் கணக்கோ, மழைக் கணக்கோ, எதைப் பார்த்தாலும் நான் இப்போது நாலு கேள்வி கேட்கிறேன். நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எந்தத் தேதிக் கணக்கு? பழைய சான்றிதழ், பழைய மோர் மாதிரி. புளித்துப் போயிருக்கும்.

எத்தனையில் எத்தனை? "ஐம்பது ஆபரேஷன்" என்றால் ஒன்றும் புரியாது. நூற்றில் ஐம்பதா, ஐந்நூறில் ஐம்பதா?

எண்ணியது யார்? தன் சமையலுக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் நூறுதான். வெளி ஆள் வந்து பார்த்ததா என்று கேளுங்கள்.

எது விட்டுப் போயிற்று? பெருக்கி மெழுகிய வீட்டின் சுவர் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கைக்கு அடக்கமாகச் சில குறிப்புகள்:

• ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போகும்போது பதிவுச் சான்றிதழ், இரத்த வசதி, இராத்திரி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு, போன மாசப் பிரசவ எண்ணிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். கோபமாக வந்தால் யோசியுங்கள்.

• கர்ப்பம் தெரிந்ததும் நர்ஸம்மாவிடம் பதிந்து, நம்பரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவு என்று மேலே சொன்ன அதே ஆய்வு சொல்கிறது.

• மழையில் சேதமானால் முதலில் போட்டோ, பிறகு துடைப்பம். வீட்டு எண்ணும் நீங்களும் தெரிகிற மாதிரி எடுங்கள். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

• ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம், கர்ப்பிணி அட்டை எல்லாவற்றையும் ஒரே பாலிதீன் பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

• 108 ஆம்புலன்சுக்கு, 104 மருத்துவ ஆலோசனைக்கு. நர்ஸம்மா நம்பரை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இருட்டில் போனில் தேட முடியாது.

அக்கா புதுச் சுவர் எழுப்பி விட்டார். எஸ்டேட்டில் முன்பணம் வாங்கி, ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினார். பால் காய்ச்சிய அன்று எங்களைக் கூப்பிட்டார். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் அந்தப் பதில் காகிதமும் மனு நகலும் கம்பியில் கோத்துத் தொங்கின. "எதுக்குக்கா இது?" என்றேன்.

"என் கணக்கு. கண்ணிலே பட்டாத்தானே கேட்கணும்னு தோணும்" என்றார்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஓர் ஆணி அடித்து வையுங்கள். அடுத்த இதழில் கடலை மிட்டாயோடு வருகிறேன்.

உங்கள் அன்புச் சகோதரி,
ஏற்காடு